ஆளில்லாத கட்டடத்துக்குச் சூடு

நோர்வேயில் என் மகனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தரமாகப் போய்விடும். மேசன் வேலையோ என்றால், இல்லை. கம்பி கட்டுகிறானோ என்றால், அதுவும் இல்லை. பாதி கட்டி நிற்கிற, கதவு பூட்டாத, ஒரு சனமும் குடியிராத கட்டடத்துக்குச் சூடு போடுகிற வேலை. இதை ஒருமுறை மருதனார்மடம் சந்தையில் மரக்கறி விற்கிற பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அவள் கத்தரிக்காய் நிறுப்பதை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, உந்த வெயிலுக்கை கனக்கத் திரியாதேங்கோ" என்றாள். அவளில் பிழையில்லை. எனக்கே விளங்காததை அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

மகன் பலமுறை சொல்லித்தான் இருக்கிறான். அங்கே மாரிக் குளிரில் சீமெந்து இறுகுமுன் உள்ளே இருக்கிற தண்ணீர் உறைந்துவிடுமாம். சுவருக்குப் பூசினது காயவே காயாதாம். அதனால் கட்டடத்தைச் சுற்றிப் படங்குத் துணி கட்டி, உள்ளே பெரிய பெரிய டீசல் ஹீட்டர்களை வைத்து வெக்கை ஊதவிடுவார்களாம். அவற்றுக்கு டீசல் ஊற்றுவதும், அணைந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் இவன் பொறுப்பு. போட்ட கொங்கிறீட்டுக்கு மேலே போர்வையும் போர்த்துவார்களாம். பிள்ளை பெற்றவளைக்கூட நாங்கள் இப்படிப் பார்த்ததில்லை.

இதைக் கேட்டு அதிகம் குழம்பினது என் கணவர்தான். அவர் மேசன். கூரைக்குக் கொங்கிறீட் பிளாட் போட்ட மறுநாளே அதன்மேல் வரம்பு கட்டித் தண்ணீர் நிறுத்துவார். தூணுக்கு ஈரச்சாக்குச் சுற்றுவார். வெயிலைத் திட்டாத நாளில்லை. "சீமெந்துக்குச் சூடுதான் எதிரி. உவன் அதுக்கு அடுப்பு மூட்டுறான். நாளைக்கு வெடிச்சு விழேக்கை ஆரைப் பிடிப்பாங்கள்?" என்று என்னிடம் கேட்பார். நானா கட்டினேன்?

எனக்குக் கோபம் வந்தது இங்கே எண்ணெய் இல்லாமல் தவித்த காலத்தில்தான். மண்ணெண்ணெய்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று, கால் வீங்கி, வெறுங்கையோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்து மகன் ஹீட்டருக்குப் பக்கத்தில் நின்று வீடியோவில் வருகிறான். "கோதாரி! இஞ்சை சனம் ஒரு போத்தல் எண்ணெய்க்குச் சாகுது, நீ ஆளில்லாத வீட்டுக்கு டீசல் ஊத்தி வெக்கை காட்டுறியோ?" என்று கத்தினேன். அவன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினான். அந்த ஹீட்டர் இரைச்சலில் என்ன பேசினாலும் அப்படித்தான். வேலை இடத்திலிருந்துதான் எடுப்பான். "சாப்பிட்டியோ" என்றால் பதில் வரும். "எப்ப வாறாய் மோனை" என்றால், "என்னம்மா? சத்தம், கேக்கேல்லை, பேந்து எடுக்கிறன்" என்று வைத்துவிடுவான். அந்த மெசினை நான் திட்டாத திட்டில்லை. போனவன் ஒருமுறையாவது வந்து முகத்தைக் காட்டவில்லை. வந்தானென்றால் பிடித்து நிறுத்திவிடலாம் என்பதுதான் என் எண்ணமெல்லாம்.

போன மார்கழியில் ஒருநாள் பின்னேரம் எடுத்தான்.

"அம்மா, டீசல் ஹீட்டர் எல்லாத்தையும் நிப்பாட்டிப் போட்டாங்கள்."

"ஏன், அங்கையும் டீசல் தட்டுப்பாடோ?"

"டீசல் நிறையக் கிடக்கு. எரிக்கக்கூடாதாம்."

நிறையக் கிடப்பதை ஏன் எரிக்கக்கூடாது? டீசல் புகையால் பூமிக்குச் சூடு கூடிப்போச்சாம், அதனால் இனி கட்டடத்துக்குக் கரண்டில்தான் சூடாம். போதாத இடத்தில் மரத்தூளை அமத்திச் சின்னச் சின்ன உருண்டையாக்கி எரித்து, தண்ணீரைச் சுடவைத்துக் குழாயால் விடுவார்களாம். "மரத்தையோ?" என்றேன். "ஓமம்மா, மரம் திரும்ப வளரும்தானே" என்றான். எனக்குத் தலை சுற்றியது. விறகடுப்பை விட்டுவிட்டுக் காஸுக்கு வாருங்கள், புகை கூடாது என்று எங்களுக்கு எத்தனை பேர் வந்து வகுப்பெடுத்தார்கள்! நான் கடன்பட்டுக் காஸ் அடுப்பு வாங்கி வைத்திருக்கிறேன், நோர்வேக்காரன் எண்ணெயை விட்டுவிட்டு விறகுக்குப் போகிறானாம். ஆர் சொல்வது சரி? இரண்டு பேரும் சரியென்றால் நான் என்னத்தில் சமைப்பது?

போனை வைத்த பிறகுதான் மற்றது மண்டையில் ஏறியது. டீசல் ஊற்றுவதுதானே அவனுடைய வேலை? டீசலே இல்லையென்றால்?

"வேலை போயிட்டுதோ எண்டு கேட்டனியே?" என்றார் இவர்.

"கேக்கேல்லை."

"உதைக் கேக்காமல் வேறை என்னத்தைக் கதைச்சனி?"

"விறகு."

இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. எனக்கு? உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசம் வந்தது. வேலை போனால் பிள்ளை வீட்டுக்கு வருவான். வந்த சந்தோசம் நிற்பதற்கிடையில் பயமும் வந்தது. வந்து இங்கே என்ன செய்வான்? இந்த வயதில் அப்பாவோடு சாந்து குழைப்பானா? இதையெல்லாம் நினைக்க நினைக்க அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. விசர்தான்.

சனிக்கிழமை ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போனேன். வடைமாலை சாத்துகிறேன் என்று நேர்த்தி வைக்கத்தான் போனேன். முன்னால் போய் நின்றால் என்ன கேட்பதென்று தெரியவில்லை. வேலை நிலைக்கவேண்டும் என்று கும்பிட்டால் அவன் வரமாட்டான். வரவேண்டும் என்று கும்பிட்டால் பெற்ற தாயே பிள்ளையின் சோற்றில் மண் போட்ட மாதிரி. பின்னால் நின்ற மனிசி, "அம்மா, கொஞ்சம் விலகினா நாங்களும் கும்பிடலாம்" என்றாள். "வடைமாலை சாத்துறன், நீயே பார்த்துச் செய்" என்று ஆஞ்சநேயரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எதற்கு நேர்ந்தேன் என்று தெரியாமல் ஒரு வடைமாலை கடனாகிப்போனது.

பிறகு கொஞ்ச நாள் அவன் எடுக்கவில்லை. எடுத்தபோது தைப்பொங்கல் முடிந்திருந்தது.

"அம்மா, என்னை ஒரு படிப்புக்கு அனுப்பினவங்கள், அதுதான் எடுக்கேல்லை. புது ஹீட்டர் எல்லாத்துக்கும் இனி நான்தான் பொறுப்பு. வேலையை நிரந்தரமாக்கிப் போட்டாங்கள்."

இவர் முற்றத்துக் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றார். அவருக்குச் சொல்லவேண்டும் என்று எழும்பினவள் அப்படியே இருந்துவிட்டேன். "சந்தோசம் ராசா" என்றேன். பொய்யில்லை, சந்தோசம்தான். பிறகுதான் கவனித்தேன், அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. வேலை இடத்திலிருந்துதான் கதைக்கிறான், பின்னால் பூசாத சுவர் தெரிகிறது, இரைச்சலைக் காணவில்லை. கரண்ட் ஹீட்டர் முன்னையது மாதிரிக் கத்தாதாம். அவன் மூச்சு விடுவது பக்கத்தில் இருந்து விடுவது போலக் கேட்டது.

"எப்ப மோனை வாறாய்?" என்றேன்.

அவன் திரையைப் பார்த்தபடி இருந்தான்.

"நான் கேட்டது கேட்டதோ?"

"கேட்டதம்மா" என்றான். பிறகு, "முந்தியும் எனக்குக் கேட்டதுதான்" என்றான்.

இவர் ஈரக்காலோடு உள்ளே வந்தார். "என்னவாம் பெடியன்?" என்றார்.

"வேலை நிரந்தரமாம். இனி இஞ்சை வரமாட்டானாம்" என்றேன்.

போன் என் கையில்தான் இருந்தது. அவனுக்கு அது கேட்டிருக்கும். இல்லையம்மா என்று அவன் சொல்லவில்லை.