பட்டனக்காவின் செயின் லாக்

ஓடுகிற சைக்கிளின் செயின் நடுரோட்டில் கழன்று விழுந்தால் நீங்கள் யாரைக் குற்றம் சொல்வீர்கள்? ஓட்டியவர் ஆண் என்றால் ரோட்டைத் திட்டுவீர்கள். பெண் என்றால்?

பட்டனக்கா முதல் தடவை விழுந்தபோது, "இவளுக்கு எதுக்கு சைக்கிள்?" என்றது தெரு. இரண்டாம் தடவை விழுந்தபோது, "அந்த வண்டிக்கே ராசி இல்லை" என்றது. குனிந்து செயினைப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் முதுகு வளையவில்லை.

தையல் கம்பெனியில் சட்டைகளுக்குப் பட்டன் வைப்பது அவள் வேலை. பெயரும் அதனால் வந்ததுதான். சங்கு ஊதியதும் கம்பெனி கேட் மூடிவிடும். முதல் பஸ் அதற்குப் பிறகுதான் வரும். ஆக, சைக்கிள் இருந்தால்தான் வேலை. இரண்டாம் தடவை விழுந்த அன்று, கையில் கிரீஸும் முழங்காலில் ரத்தமுமாக வந்து நின்றவளிடம் சூப்பர்வைசர் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்தே சொன்னார்: "இன்னொரு தடவை லேட்டா வந்தேன்னா அப்படியே திரும்பிப் போயிடு." ரத்தத்தை அவர் பார்க்காமல் இல்லை. சட்டையில் படாத வரைக்கும் சரி என்று நினைத்திருப்பார்.

ஞாயிறு மத்தியானம் சமையலறை வாசலில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, செயின் கவரைக் கழற்றி வைத்தாள். கணவர் பெயின்டர். அவருடைய குறடும், பிரஷ் கழுவுகிற மண்ணெண்ணெயும் பக்கத்தில் இருந்தன. பெயின்டரின் அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன்டி, அழுக்கைத் துடைச்சா ராசி மாறிடுமா?"

"அழுக்கு போகும் அண்ணி. மிச்சத்தை அப்புறம் பார்ப்போம்."

பெயின்டர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "நாளைக்கு ஒரு நாள் ஓட்டிப் பாரு. மறுபடி கழண்டுச்சுன்னா பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடலாம்."

"என் வேலையையும் அவன்கிட்டயே போட்டுடலாமா?"

பெயின்டர் சுவரைப் பார்த்தார். சுவரைப் பார்ப்பது அவருக்குத் தொழில்.

பழைய பனியன் துணியால் செயினைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பெடலை முன்பக்கமாகச் சுழற்றினாள். வழுக்கிக்கொண்டே போன துணி ஓரிடத்தில் வெடுக்கென்று மாட்டியது. விடுவித்துவிட்டு மறுபடி சுழற்றினாள். அதே இடம். செயினின் இரு முனைகளும் சேரும் இணைப்பு அது. அதன் மேல் மீன் வடிவத்தில் ஒரு சின்னத் தகடு உட்கார்ந்திருக்கும். கடைக்காரர்கள் அதை லாக் என்பார்கள். தலைப்பக்கம் மூடியிருக்கும், வால்பக்கம் பிளந்திருக்கும். இந்த லாக்கின் வால்தான் செயின் ஓடும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாலின் ஒரு பக்கம் தேய்ந்து பளபளத்தது. செயின் கவரின் உட்புறத்திலும் நீளமாக ஒரு கீறல்.

பெடலைப் பின்பக்கமாகச் சுழற்றினாள். துணி எங்குமே மாட்டவில்லை.

"அண்ணி, ராசி எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு."

"எங்கடி?"

"வால்ல. நான் விழுந்த ஒவ்வொரு தடவையும் சைக்கிள் கடைக்காரர் புது லாக்கைத் தலைகீழா மாட்டியிருக்காரு. ஓட ஓட கவர்ல உரசி, லாக் கழண்டு வந்திருக்கு."

குறடால் லாக்கைத் தள்ளினாள். அது துள்ளிப் பறந்தது. தரையில் ஒரு 'டிங்'. அவ்வளவுதான், காணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? விளக்குமாற்றால் கூட்டிப் பார்த்தாள். வாளியை நகர்த்தினாள், மிதியடியை உதறினாள். பிறகு, சும்மா இருந்தால் அழுகை வந்துவிடும் என்று செயினை மண்ணெண்ணெயில் போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தாள். கை வேலை செய்தது, கண் தரையிலேயே இருந்தது.

"நூலால கட்டிடேன். பட்டன் வைக்கிறவதானே?" என்றார் பெயின்டர். குறடு அவரை நோக்கிப் பறந்திருக்க வேண்டியது, தப்பித்தார்.

துடைத்த செயினை முன் பல்சக்கரத்தில் சுற்றி, இரு முனைகளையும் பின்சக்கரத்தின் பற்கள் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பற்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டன. இணைப்பின் இரண்டு ஊசிகளையும் உட்புறமிருந்து நுழைத்தாள். வெளியே, லாக்குக்கு அடியில் வரும் பக்கத்தகட்டைப் பொருத்தினாள். எல்லாம் சரி. லாக் இல்லாமல் தெருமுனை வரை கூடப் போகாது.

அப்போதுதான் கவனித்தாள். நாத்தனார் இவ்வளவு நேரமும் நின்ற இடத்தை விட்டு அசையவே இல்லை.

"அண்ணி, காலைக் கொஞ்சம் எடுங்க."

நாத்தனார் எடுக்கவில்லை. "அன்னிக்கு நீ விழுந்தப்போ லாரி எவ்வளவு கிட்டத்துல வந்து நின்னுச்சு தெரியுமா? நீ கவுந்து கிடந்தே. நான் பார்த்தேன்டி."

"எனக்கும் பயம்தான் அண்ணி. அதனாலதான் சரியா மாட்டப் பார்க்கிறேன்."

கால் மெல்ல நகர்ந்தது. லாக் கிடந்தது.

தலை முன்னால் போகும்படி வைத்துக் குறடால் அழுத்தினாள். 'டக்' என்று உட்கார்ந்தது. "நீங்களே துணியைப் பிடிங்க" என்று பெடலைச் சுழற்றினாள். மாட்டவில்லை. நாத்தனார் நம்பவில்லை. "இன்னும் சுத்து" என்றார். கை வலிக்கும் வரை சுற்ற வைத்தார்.

மறுநாள் காலை வழியெல்லாம் அவள் காது செயினிலேயே இருந்தது. லாரி நின்ற இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டாள். சங்கு ஊத ஆரம்பித்தபோது முன்சக்கரம் கேட்டுக்குள் இருந்தது.

"உனக்கு இன்னிக்கு ராசி நல்லா இருக்கு" என்றார் சூப்பர்வைசர்.

"ராசி இல்ல சார். லாக்கு."

சாயந்திரம் சைக்கிள் கடைக்காரரிடம் போய்ச் சொன்னாள். "அப்படியா? நான் எல்லா வண்டிக்கும் அப்படித்தானே மாட்டுறேன்!" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

எல்லா வண்டிக்கும்! அதில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கலாம். இதைப் படித்து முடித்ததும் உங்கள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, ஒரு துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலை முன்பக்கமாகச் சுழற்றிப் பாருங்கள். துணி மாட்டினால் லாக்கைத் திருப்பி மாட்டுங்கள். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணின் வண்டியையும் பாருங்கள். பார்க்கும் வரை அந்த ராசிப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.