நாலு குழி காலி

வயது வரம்புப்படி அந்த அரசுத் தேர்வு எனக்குக் கடைசி வாய்ப்பு. ஆனாலும் பொன்மலைப் பயிற்சி வகுப்பில் எனக்குக் கணக்கைவிட நக்கல்தான் நன்றாக வந்தது. ஜீயபுரத்திலிருந்து வரும், வயது வரம்பில் சலுகை உள்ள செல்வி அக்கா ஒவ்வொரு கணக்குக்கும் கட்டம் போட்டுப் பார்ப்பார். "அக்கா, ஓவியப் போட்டி பக்கத்து ரூம்ல" என்பேன்.

ஒருநாள் சார் பலகையில் ஒரு கேள்வி எழுதிவிட்டு வெளியே போனார்: ஓர் எண் இருபது சதவீதம் குறைந்து, பின் இருபது சதவீதம் கூடினால்?

"பேனாவே வேண்டாம், பழைய எண்தான்" என்று உரக்கச் சொன்னேன். என்னை நம்பிப் பாதி வகுப்பு அதையே எழுதியது.

அக்கா நோட்டை என் பக்கம் நகர்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "எங்க தோட்டத்துல நூறு வாழைன்னு வைங்க தம்பி. காத்துல இருபது சாஞ்சா எண்பது நிக்கும். எண்பதுல இருபது சதவீதம் நட்டா பதினாறுதான வரும்? நாலு குழி காலியால்ல கிடக்கும். சார் வர்றதுக்குள்ள மாத்திக்கங்க."

கட்டம் அத்தனை தெளிவாக இருந்தது. காது சுட்டது. எழுந்து, "நான் சொன்னது தப்பு, தொண்ணூற்றாறு. அக்கா போட்டது" என்றேன். வகுப்பே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

தேர்வில் தேறிவிட்டேன். இன்றும் விடை சட்டென்று வாயில் வந்தால், பக்கத்தில் யாராவது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.