குடோன் வரைக்கும் நெட்

ஞானசேகரன் நாற்பதடிக் கம்பத்தின் உச்சியில் இடுப்புக் கயிற்றில் சாய்ந்துகொண்டு, தட்டையான வெள்ளை டப்பாவை மயிரிழை மயிரிழையாகத் திருப்புகிறார். அரை மைலுக்கு அப்பால் இன்னொரு கம்பம், இன்னொரு டப்பா. இரண்டும் நேருக்கு நேர் பார்த்தால்தான் ஒயர் இல்லாமலே நெட் போய்ச் சேரும். "கொஞ்சம் அப்புடியே இரு கண்ணு" என்று டப்பாவிடம் கெஞ்சுவார். மனிதர்களிடம் இந்த அளவுக்குப் பேசமாட்டார்.

கடலூர் முதுநகர்க்காரர். 'ஒயர் இழுக்க முடியாது' என்று கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் கைவிட்ட தோப்பு வீடு, கோழிப்பண்ணை, மோட்டார் கொட்டகை எல்லாவற்றுக்கும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். நடுவில் மரம் மறித்தால் வெட்டவிடமாட்டார், கம்பத்தை உயர்த்துவார். டீக்குச் சர்க்கரை கிடையாது. வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டு குடிப்பார்.

2011 கோடையில், காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் வேலை. ஆபீசுக்கு வந்த பிராட்பேண்டை வயலுக்கு அப்பாலுள்ள குடோன் வரை கொண்டுபோய், அங்கே நெற்களத்தைப் பார்த்தபடி கேமரா மாட்ட வேண்டும். மூன்றாம் நாள், முதலாளி பக்கத்தில் நிற்க, கம்ப்யூட்டரில் படம் வந்தது. களத்தில் நெல் கிண்டிக்கொண்டிருந்த பட்டம்மாள், முந்தின நாள் இவருக்கு மோர் கொடுத்தவள், நிமிர்ந்து ஏதோ சொன்னாள். களத்து வேலையை மேற்பார்த்த மேஸ்திரி அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். சத்தமே இல்லை. அவள் நெல்லின்மேல் சரிந்து உட்கார்ந்தாள்.

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "கலரெல்லாம் நல்லா தெரியுதே ஞானம்" என்றார்.

ஞானசேகரன் களத்துக்கு ஓடினார். ஆபீஸ் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு வந்தது களத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கேமராவைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தார். பட்டம்மாள் குறுக்கே வந்தாள். கன்னத்தில் விரல் தடம் அப்படியே இருந்தது.

"கழட்டாத தம்பி. அவன் அடிச்சது அதுல பதிஞ்சிருக்குமா?"

ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் என்றார். மூன்று வருடமாக அடிக்கிறான், சொன்னால் ஒருவரும் நம்பவில்லை என்று அவள் சொன்னாள். அவர் ஸ்பேனரைப் பைக்குள் போட்டார். முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து, அந்த ஒரு நிமிடத்தைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டார்.

மறுநாள் இருவரும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அதைப் போட்டுப் பார்த்த ஏட்டு, மேஸ்திரியை அழைத்துவர ஆள் அனுப்பினார். பிறகு பட்டம்மாளின் புகாரைத் திருப்பி வைத்து, சாட்சி யார் என்று கேட்டார். கையெழுத்துப் போட்டால் சுற்றுவட்டாரத்தில் எந்த மில்லும் இனி கூப்பிடாது என்பது ஞானசேகரனுக்குத் தெரியும். பேனாவை வாங்கினார். அப்பா பெயரோடு சேர்த்து முழுப் பெயரையும் எழுதினார்.