நன்றிப் பட்டியலின் ஒன்பதாவது பெயர்

புதிய பதிப்பை எல்லாக் கணினிகளிலும் ஏற்றி முடிக்க சிஸ்டம்காரருக்குப் பதினோரு மணி ஆகிவிட்டது. அதுவரை சுகாதாரக் கணக்கெடுப்பு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் வேலை ஓடவில்லை, தேநீர்தான் ஓடியது. வீடு வீடாகப் போய் எடுத்துவந்த குழந்தைகளின் எடை, உயரம், இரத்த அளவு எல்லாம் அந்தப் புள்ளியியல் மென்பொருளுக்குள் போய்த்தான் அறிக்கையாக வெளியே வரும். அது இல்லாவிட்டால் மாடியே விடுமுறை மாதிரிதான்.

தசமம் மட்டும் இருக்கையை விட்டு எழவில்லை. புதிய பதிப்பில் என்னென்ன மாறியிருக்கிறது என்று தயாரிப்பாளர்கள் எழுதியிருந்த நீளமான குறிப்பை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள்.

தசமம் என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். யாராவது 12.46 என்பதை 12.5 என்று எழுதிக்கொண்டு வந்தால், "மிச்சம் எங்க போச்சு? வழியில கொட்டிட்டீங்களா?" என்று கேட்பாள். முதுகுக்குப் பின்னால் தொடங்கிய அந்தப் பெயர் பத்தொன்பது வருடத்தில் முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

பெரிய கோப்புகள் இனி நான்கு மடங்கு வேகமாகத் திறக்குமாம். நல்லது. வரைபடங்களுக்குப் புதிய நிறங்களாம். யார் கேட்டார்கள்? அடுத்த வரியில் அவள் கண் நின்றது. 'ஒரே ஒரு தெரு மட்டும் கணக்கெடுக்கப்பட்ட வட்டாரங்களில் பிழை அளவு தவறாக வந்துகொண்டிருந்தது சரிசெய்யப்பட்டது.'

அந்த வரியை மறுபடி முதலிலிருந்து படித்தாள். ஏனென்றால் அந்தக் குறையை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான்.

ஒரு வட்டாரத்தில் இரண்டு மூன்று தெருக்களையாவது பார்த்தால்தான் தெருவுக்குத் தெரு எவ்வளவு மாறுகிறது என்று தெரியும். நம் கணக்கு எவ்வளவு பிசகலாம் என்பதையும் அதை வைத்துத்தான் சொல்ல முடியும். மழை, பூட்டிய வீடு என்று ஏதாவது காரணத்தால் சில வட்டாரங்களில் ஒரே ஒரு தெருதான் தேறும். ஒப்பிட வேறு தெரு இல்லாததால், அங்கே வித்தியாசமே இல்லை, பிசகவே பிசகாது என்று பழைய மென்பொருள் கூசாமல் சொல்லிவிடும். ஆறு வருடத்துக்கு முன் மூன்று வாரம் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து அவள் அதைப் பிடித்தாள். நாற்பது வரியில் ஒரு நிரலும் எழுதினாள். தனியாக நிற்கும் வட்டாரத்தை அது பக்கத்து வட்டாரத்தோடு சேர்த்துக் கணக்குப் போடும். அதற்கு 'ஒட்டு' என்று பெயர் வைத்தாள்.

தயாரிப்பாளர்களுக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். போடவில்லை. "மேடம், கொஞ்சம் அந்த ஒட்டு போட்டுக் குடுங்களேன்" என்று ஆளாளுக்கு வந்து அவள் மேசையோரம் நிற்பது அவளுக்கு இனித்தது. நிரலை யாருக்கும் கொடுக்க மாட்டாள், தானே ஓட்டித்தான் கொடுப்பாள். ஒரே ஒருத்திக்கு மட்டும் கொடுத்திருந்தாள்.

குறிப்பின் கடைசியில் நன்றிப் பட்டியல் இருந்தது. குறைகளைத் தெரிவித்து உதவியவர்கள், உலகம் முழுக்க முப்பத்திரண்டு பேர். ஒன்பதாவது பெயர் அந்த ஒருத்தியுடையது. தசமத்தின் தம்பி மனைவி.

அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவளேதான். ஐந்து வருடத்துக்கு முன் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவள், முதல் கூட்டத்திலேயே இயக்குநரைப் பார்த்து, "சார், எத்தனை குழந்தைகளுக்குன்னு சொல்லாம சதவீதம் மட்டும் சொன்னா எப்படி?" என்று கேட்டாள். இந்தப் பெண் நம் வீட்டுக்குத்தான் என்று தசமம் அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டாள். நாத்தனாரே தேடிப் பிடித்த மருமகள் என்று சொந்தக்காரர்கள் மெச்சியபோது தலைகால் புரியாமல் திரிந்தாள்.

இப்போது அந்தப் பெண் முகமெல்லாம் மலர மேசையருகே வந்து நின்றாள்.

"அக்கா, பார்த்தீங்களா?"

"பார்த்தேன். சந்தோஷம்."

"இனிமே நம்ம ஒட்டு தேவையே இல்லக்கா! அதுவே எச்சரிக்கை குடுத்து, எந்த வழியில சரி பண்ணலாம்னு கேக்குது."

நம்ம ஒட்டாம். தசமத்துக்கு அந்த ஒரு சொல் பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்தியது. அதற்குள் இயக்குநர் தன் அறையிலிருந்து வந்து கைதட்டினார், மாடியே சேர்ந்து தட்டியது. அவளும் தட்டினாள். கை வலிக்கத் தட்டினாலும் உள்ளே வயிறு எரிந்தது.

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துபவர். எதையும் இரண்டு முறை துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

"ஆறு வருஷமா நீ ஏன் அவங்களுக்கு எழுதல?"

"தோணல."

"தோணலயா, மனசு வரலயா?"

"நீங்க யார் பக்கம்?"

"நான் சாப்பாட்டுப் பக்கம். பசிக்குது" என்றார் அவர். அவள் தட்டை வைத்த வேகத்தில் தண்ணீர்க் குவளை சாய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனால் அங்கே இன்னும் மோசம். தம்பி அந்தப் பக்கத்தை அச்செடுத்து, ஒன்பதாவது பெயருக்கு மஞ்சள் பூசி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தான். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது அவள் முகத்தில் வந்து இடித்தது. அம்மா எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"எம்மருமக பேரு உலகம் பூரா போயிருக்கு, தெரியுமா?"

பிறகு மகள் பக்கம் திரும்பி, வெள்ளந்தியாகக் கேட்டாள். "நீயும் அதே ஆபீஸ்தானே? உனக்கு இதெல்லாம் வராதாடி?"

தம்பி மனைவி பதறிப்போய், "அத்தை, அக்காகிட்டதான் நானே கத்துக்கிட்டேன்" என்றாள். அது அவளுக்கு இன்னும் எரிந்தது. பிடுங்கிக்கொண்டவள் பிச்சை போடுவது போல இருந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு நான்கு மணிக்கே கிளம்பினாள்.

திங்கட்கிழமையிலிருந்து தசமத்துக்கு ஒரே வேலை. புதிய பதிப்பில் ஒரு தப்பாவது கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று போதும். பழைய அறிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புதிய பதிப்பில் ஓட்டினாள். அட்டவணைக்கு அட்டவணை, எண்ணுக்கு எண், நான்காவது தசம இடம் வரை ஒப்பிட்டாள். மதிய இடைவேளையிலும் எழுந்திருக்கவில்லை. தம்பி மனைவி வந்து, "என்னக்கா தேடுறீங்க? நானும் பார்க்கட்டுமா?" என்று கேட்டபோது, திரையைச் சற்றே திருப்பிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, பழைய கணக்கு" என்றாள்.

இரண்டு வாரம் எல்லாம் சரியாகவே வந்தது. மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை, போன வருட அறிக்கையின் இருபத்தாறாம் அட்டவணையில் மாட்டியது. மலையடி வட்டாரத்துக் குழந்தைகளின் இரத்த அளவு. அவளுடைய ஒட்டு போட்ட கணக்கில் பிழை அளவு பெரியதாக இருந்தது. புதிய பதிப்பில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது.

 அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்பதைக்கூட மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள். 'கைதட்டினீங்களே சார், இதையும் கொஞ்சம் பாருங்க.' தம்பி மனைவியின் முகம் அப்போது எப்படிப் போகும் என்பதையும் பார்த்துவிட்டாள்.

ஆனால் பெயர் தசமம் ஆயிற்றே. கையால் போட்டுப் பார்க்காமல் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. தாளை எடுத்தாள். ஒருமுறை போட்டாள், புதிய பதிப்பு சொன்னதுதான் வந்தது. தாளைக் கிழித்துவிட்டு மறுபடி போட்டாள். அதேதான். மூன்றாவது முறை தன்னுடைய நாற்பது வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தபோது பதினெட்டாவது வரியில் பேனா நின்றது.

பக்கத்து வட்டாரம் எது என்று அவளுடைய நிரல் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. எண்ணில் முந்தியது எதுவோ அதுதான் பக்கத்து வட்டாரம். எழுதிய காலத்தில் அடுத்தடுத்த எண்கள் அடுத்தடுத்த இடங்களாகவே இருந்ததால் அது சரியாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் நகராட்சி வட்டார எண்களை மாற்றியமைத்தது. மலையடிக்குப் பதினேழு, துறைமுகத்துக்குப் பதினாறு என்று ஆகிவிட்டது. ஊரின் இரண்டு கோடிகளில் இருந்த, எதிலுமே ஒத்துப்போகாத இரண்டு இடங்களை அவளுடைய ஒட்டு ஒரே வீடாகக் கட்டி வைத்திருந்தது. பிழை அளவு வீங்கிப்போனதற்கு அதுதான் காரணம். அதனால்தான் அறிக்கையில், 'மலையடியில் முன்னேற்றம் உண்டா என்று உறுதியாகச் சொல்ல இயலாது' என்று அவளே எழுதினாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அங்கிருந்த ஊட்டச்சத்து மையம் மூடப்பட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்ந்தது. உண்மையில் அங்கே குழந்தைகள் தெளிவாகத் தேறியிருந்தார்கள்.

மையத்தை மூட இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அந்த மதியம் முழுக்க அவள் ஒன்றும் செய்யவில்லை. யாருக்கும் தெரியாது, இந்த அட்டவணையை இனி யாரும் புரட்டப்போவதில்லை. மூடுகிறவர்கள் இரக்கப்பட்டுத் தாங்களே விட்டுவிடவும் கூடும் என்று நினைத்துப் பார்த்தாள். எந்தச் சமாதானமும் ஒட்டவில்லை. தப்பு செய்ததுகூட அவளை அவ்வளவு குத்தவில்லை. அதைக் காட்டிக்கொடுத்தது அந்தப் பதிப்பு, அந்த வரி, அந்தப் பெண் என்பதுதான் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை தாள்களை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள். உள்ளே தம்பி மனைவி ஏதோ கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். தசமத்தின் முகத்தைப் பார்த்ததும், "நான் அப்புறம் வரேன் சார்" என்று நகர்ந்தாள்.

"இரு. நீயும் கேளு" என்றாள் தசமம். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "சார், போன வருஷ அறிக்கையில இருபத்தாறாவது அட்டவணை தப்பு. மென்பொருள் தப்பு இல்ல. என் தப்பு."

முழுவதையும் சொன்னாள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒரு நிரலை ஆறு வருஷமா ஒருத்தர்கூட சரிபார்க்கலயா?"

"நான் யாரையும் கேள்வி கேக்க விடல சார்."

"ஏன்?"

அவள் தாள்களை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள். அவர் திரும்பக் கேட்கவில்லை. திருத்த அறிக்கையை அவளே எழுதி, அவளே கையெழுத்திட வேண்டும் என்றார். இனி இந்த மாடியில் எவர் எழுதும் நிரலையும் இன்னொருவர் பார்க்காமல் ஓட்டக்கூடாது என்றார். சொன்ன தொனியில் இருந்த கோபம் நியாயமானதுதான். ஆறாம் நாள் மலையடி மையத்தின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது.

அன்று அறையை விட்டு வெளியே வந்து படியில் இறங்கும்போதே தம்பி மனைவி கூடவே வந்தாள்.

"நான் ஓட்டியிருந்தாலும் இதைக் கவனிச்சிருக்க மாட்டேன்க்கா."

"ஆறுதல் சொல்லாத."

"சரி, சொல்லல."

இரண்டு படி இறங்கினார்கள். தசமம் நின்றாள். "அவங்களுக்கு எழுதறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே! ஒட்டு எதுக்குன்னு கேட்டேன். 'போட்டு ஓட்டு, கேள்வி கேக்காத'ன்னீங்க. எழுதப்போறேன், உங்க பேரையும் சேர்க்கட்டுமான்னு கேட்டேன். நீங்க நிமிர்ந்துகூடப் பார்க்கல, 'என்னமோ பண்ணு'ன்னீங்க."

தசமத்துக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

"உம்மேல எனக்கு மூணு வாரமா வயித்தெரிச்சல்" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும்க்கா. ஞாயித்துக்கிழமையே அந்தத் தாளைக் கிழிச்சுப் போடச் சொன்னேன், உங்க தம்பிதான் கேக்கல."

பொறாமை அதோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. மாதக் கூட்டத்தில் இயக்குநர், புதிய பதிப்பு வந்ததால்தான் ஒரு பெரிய தவறு தெரியவந்தது என்று சொல்லித் தம்பி மனைவியின் பக்கம் பார்த்துத் தலையசைத்தபோது தசமத்துக்கு மறுபடி சுருக்கென்றது. தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்தவள் யாராம்? ஆனால் இந்தமுறை அவள் கூட்டம் முடிந்ததும் தன் இடத்துக்குப் போய்த் தயாரிப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

தேதிகளைப் படிக்கும்போது மென்பொருள் சில கோப்புகளில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிவிடும். இதுவும் அவளுக்கு வெகு நாளாகத் தெரிந்த சங்கதிதான். ஏழு முறை அடித்துத் திருத்தினாள். எட்டாவதைத் தம்பி மனைவியிடம் நீட்டி, "பார்த்துச் சொல்லு" என்றாள். அவள் இரண்டு இடத்தில் பென்சிலால் கோடிட்டாள். ஒன்றைத் தசமம் ஏற்றுக்கொண்டாள், இன்னொன்றுக்காக அரை மணி நேரம் சண்டை போட்டாள்.

பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. மிக்க நன்றி, மிகத் துல்லியமான விளக்கம், ஆனால் இதே குறையை நான்கு நாளுக்கு முன்பே இன்னொருவர் தெரிவித்துவிட்டார், அடுத்த பதிப்பில் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தார்கள்.

தசமம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலு நாள்!" என்றாள்.

தம்பி மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "யாருக்கா அது?"

"தெரியல. எங்கயோ மீன்வளத் துறையாம்."

"மீனுக்கு எதுக்கு தேதி?" என்றாள் தம்பி மனைவி, ஏகப்பட்ட கோபத்தோடு.

அந்த முகம் தெரியாத மீன்காரரை இருவரும் அரை மணி நேரம் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். பிறகு தேநீர் குடிக்கப் போனார்கள்.