யாகப்பன் சைக்கிளில் இரண்டு பேர்

வலது கையை நன்றாக நீட்டிவிட்டுத்தான் யாகப்பன் தன் வீட்டுச் சந்துக்குள் திரும்புவார். பின்னால் வண்டி எதுவும் வராது. வந்தால் எருமை வரும். "இன்னா மாமா, எருமைக்குமா கை காட்றே?" என்று குழாயடியில் பெண்கள் கேட்பார்கள். "இடிச்சா அதுக்கு மட்டும் வலிக்காதா?" என்பார், நிற்காமல்.

ஒதியம்பட்டிலிருந்து பட்டணத்து மில்லுக்கு இருபத்திரண்டு வருஷமாக அதே பச்சைச் சைக்கிள். சனிக்கிழமை சங்கிலிக்கு எண்ணெய். மணி அடிக்காமல் ஒரு கோழியைக்கூடத் தாண்டியதில்லை. முட்டையோ மருந்துக் குப்பியோ உடையாமல் வர வேண்டும் என்றால், ஊரில் அவரைத்தான் தேடுவார்கள்.

அதனால்தான் இந்த வருஷம் ஊர்க் கோயில் திருவிழாவுக்காகப் பட்டணத்தில் வர்ணம் பூசக் கொடுத்திருந்த மாதா சுரூபத்தைக் கொண்டுவரும் வேலையும் அவருக்கு வந்தது. மூன்றடி உயர மரச் சுரூபம். படுக்கவைத்துக் கட்ட அவருக்கு மனம் வரவில்லை. கேரியரில் நிற்கவைத்து, நீலப் புடவையால் தலையோடு மூடி, கயிற்றால் சீட்டோடு சேர்த்துக் கட்டினார். முன்பக்கமாகக் காலைத் தூக்கிப் போட்டு ஏறி, மெல்ல மிதித்தார். புது வர்ணம் பூசிய சுரூபத்தைப் பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரிப்பதற்குமுன் யாரும் பார்க்கக் கூடாது என்பது அந்தக் கோயில் வழக்கம்.

பட்டணத்தைத் தாண்டும் முச்சந்தியில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் நிறுத்தினார். சைக்கிளில் இரண்டு பேர் போனால் கேஸ் போடும் காலம் அது.

"டபுள்ஸா? அந்தம்மாவ எறங்கச் சொல்லு."

"அவங்க எறங்க மாட்டாங்க சார். மாதா."

"மாதாவோ சீதாவோ, துணிய எடு. பாக்கலாம்."

"மந்திரிக்காம எடுக்கக் கூடாது சார்."

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதே பதில். "காட்ட மாட்டேன்னா அது ஆளுதான்" என்று டபுள்ஸ் கேஸ் எழுதிச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்.

மாதா மந்திரிக்கப்பட்டுப் பீடம் ஏறிவிட்டாள். யாகப்பனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. கோர்ட்டில் ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு போய்விடும். ஆனால் இருபத்திரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த பேரும் அதோடு போய்விடும்.

வக்கீல் குமாஸ்தா சூசைநாதன் வீடு தேடி வந்து வழி சொன்னார். "சுரூபந்தான்னு சாமியார்கிட்ட ஒரு கடுதாசி வாங்கிக்க. கூண்டுல ஏறி, ஆளில்லீங்க, வெறும் மரக்கட்டன்னு ஒரு வார்த்த சொல்லு. அதோட கேஸு முடிஞ்சிது."

"மரக்கட்டன்னா?"

"பின்ன இன்னாய்யா அது? மரந்தானே?"

"மரந்தான்." யாகப்பன் தரையைப் பார்த்தார். "ஆனா வழியெல்லாம் பேசிக்கினு வந்தேனே. பள்ளம் வந்தப்பல்லாம், கெட்டியாப் புடிச்சிக்கம்மான்னு சொன்னேன்."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி அந்தோணி மேரியின் குரல் வந்தது. "கல்யாணம் ஆன நாளா நான் வில்லியனூர் சந்தைக்கு நடந்துதான் போறேன். ஒரு நாள் கேரியர்ல குந்துன்னு சொன்னதில்ல இந்த மனுஷன்."

"உன்ன எப்படி ஏத்துறது? டபுள்ஸ் ஆச்சே."

"அப்ப அவங்கள ஏத்துனது இன்னாவாம்?"

சூசைநாதன் சிரித்துவிட்டார். யாகப்பன் சிரிக்கவில்லை.

வாய்தா அன்று வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போய்க் கூண்டில் ஏறினார். சாமியாரின் கடுதாசி சட்டைப்பையில் இருந்தது.

"சைக்கிள்ல ரெண்டு பேரா வந்தியா?" என்று கேட்டார் நீதிபதி.

கீழே நின்ற சூசைநாதன், கடுதாசியை எடு என்று கண்ணைக் காட்டினார். யாகப்பனின் கை பைவரை போய்த் திரும்பியது.

"ரெண்டு பேருதாங்கய்யா" என்றார். சொல்லிவிட்டு, இன்னொருவர் நிற்கும் அளவுக்குக் கூண்டில் ஓரமாக ஒதுங்கிக்கொண்டார்.