ஏழாம் தொட்டி அருகே ஒரு நாற்காலி

நான் குடித்திருந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்ததாகப் பெருமைப்படக் கூடாது. ஆனால் அந்தச் சத்தம் முதன்முதலில் கேட்டபோது என் வயிற்றுக்குள் போயிருந்தது அரைக் கிளாஸ் பீர்தான். மற்ற அரைக் கிளாஸ் எதிரே இருந்த அம்மாளின் வெள்ளைச் சட்டையில் இருந்தது. ஆகவே இது போதையில் கண்ட கனவு இல்லை. நடந்தது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு ப்ரூவரி இருக்கிறது. அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றித் தருவார்கள். மாதம் ஒருமுறை விருந்து. ஐந்து சுற்றுச் சாப்பாடு, ஒவ்வொரு சுற்றுக்கும் தோதாக ஒரு பீர்.

நான் இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க ஆட்கள் என் எதிரேதான் உட்கார்ந்திருப்பார்கள். பார்ப்பதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் எழுத்துப் பலகையை. கூட வேலை செய்கிறவர்கள் நல்ல மாதிரி. "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்பார்கள். எந்த நாள் என்று மட்டும் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அக்காதான் ஃபோனில் மிரட்டினாள்.

"ஒழுங்கா அந்த விருந்துக்குப் போ. ஒரே ஒரு ஆள்கிட்டயாவது பேசிட்டு வா. இல்லேன்னா நான் வந்து உன் வீட்டுல ஒரு மாசம் டேரா போட்டுடுவேன்."

அந்தப் பயத்தில்தான் போனேன்.

நீளமான மேசை. இருபது பேர் இருக்கும். பீர் காய்ச்சுகிற தாடிக்காரர் எழுந்து நின்று, முதல் பீரைப் பற்றித் தன் குழந்தையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார். எல்லோரும் கிளாஸைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். எட்டு மாதம் சேர்த்து வைத்த உற்சாகம் முழுவதும் அந்த ஒரு கையில் வந்து இறங்கியிருக்க வேண்டும். மீதிதான் உங்களுக்குத் தெரியுமே, வெள்ளைச் சட்டை.

"பரவால்ல, பரவால்ல. துடைச்சிட்டு இதோ வந்துடறோம்" என்று அந்த அம்மாளும் கணவரும் எழுந்து போனார்கள். வந்தார்கள். மேசையின் மறுகோடியில் போய் உட்கார்ந்தார்கள்.

பரிமாறுகிற பெண் என் பக்கம் குனிந்தாள். "சார், நீங்க அங்க உட்காருங்களேன். வசதியா இருக்கும்."

யாருக்கு வசதி என்று நான் கேட்கவில்லை.

மூலையில் ஒரு சின்ன மேசை. ஒரே நாற்காலி. தட்டு, முள்கரண்டி, கிளாஸ், எரியும் மெழுகுவத்தி, எல்லாம் முன்கூட்டியே வைத்திருந்தார்கள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால், முதுகு உரசும் தூரத்தில், இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு எஃகுத் தொட்டி. ஏழு என்று எழுதியிருந்தது. மற்றத் தொட்டிகளின் குழாய்கள் வாளித் தண்ணீரில் குளுக்... குளுக்... என்று குமிழி விட்டுக்கொண்டிருந்தன. இதற்கு வாளியும் இல்லை, குழாயும் இல்லை.

சூப் வந்தது. மெழுகுவத்தி அணைந்தது. காற்றே இல்லை. அந்தப் பெண் மறுபடி பொருத்தினாள். மறுபடி அணைந்தது. மூன்றாம் முறைதான் நின்று எரிந்தது.

மணி ஏழு பத்து. நீள மேசையில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துச் சிரித்தன. எனக்கு இடிக்க யாரும் இல்லை. வேடிக்கையாகக் கையைப் பின்னால் நீட்டி, தொட்டியில் என் கிளாஸை லேசாகத் தட்டினேன்.

டங்.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

டங்.

யாரோ வேலையாள் உள்ளே கழுவிக்கொண்டிருக்கிறான், நல்ல நகைச்சுவை உள்ளவன் என்று நினைத்தேன். வறுத்த மீன் வந்தபோது இரண்டு முறை தட்டினேன். இரண்டு முறை பதில். காளான் வந்தபோது மூன்று. மூன்று பதில். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு மனசு லேசாகிவிட்டது. தொட்டிப் பக்கம் சாய்ந்து, அக்காவைப் பற்றி, எழுத்துப் பலகையைப் பற்றியெல்லாம் முணுமுணுத்தேன். நான் நிறுத்தும் இடங்களில் சரியாக, 'உம்' கொட்டுவதுபோல், மெதுவாக ஒரு டங்.

அக்காவிடம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு ஆளோடு பேசியாயிற்று.

"உள்ள யாரும்மா? பாவம், அவருக்கும் ஒரு தட்டு குடுங்களேன்" என்றேன் அந்தப் பெண்ணிடம்.

அவள் தொட்டியைப் பார்க்கவில்லை. "சாப்பாடு ஆறிடும் சார்."

தாடிக்காரர் அந்தப் பக்கம் வந்தார். அவரிடமும் கேட்டேன். "அடுத்த பீர் கொஞ்சம் கசக்கும் சார்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

நான்காம் சுற்று. பாலாடைக்கட்டி. முள்கரண்டி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன்.

தொட்டியின் அடியில் வட்டமாக ஒரு கதவு. ஆள் நுழைகிற அளவு. சுற்றிலும் போல்ட்டுகள். எல்லாம் வெளியிலிருந்து முடுக்கியவை. அவற்றின் மேல் விரல் கனத்துக்குத் தூசி.

குனிந்தபடியே இருந்தேன்...

டங்.

நான் தட்டவில்லை.

சத்தம் மேலேயிருந்து வரவில்லை. குனிந்திருந்த என் காதுக்கு நேராக வந்தது.

நிமிர்ந்தேன். டங். தலைக்கு நேராக.

எழுந்து நின்றேன். அதுவும் கூடவே எழுந்தது. டங்... டங்... டங்...

நீள மேசையில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

மணி எட்டு இருபத்தைந்து.

மெழுகுவத்தி அணைந்தது.

 ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன்.

"இருங்க... இதோ வந்துடறேன்."

சத்தம் நின்றது.

ஓடினேன். குடையைக்கூட எடுக்கவில்லை.

மறுநாள் காலை, நல்ல வெயிலில், ஃபோன் வந்தது. தாடிக்காரர்.

"சார், குடையை விட்டுட்டுப் போயிட்டீங்க."

"குடை கிடக்கட்டும். உள்ள யாருன்னு நேராச் சொல்லுங்க. சாப்பாடு ஆறிடும், பீர் கசக்கும்னு சொல்லாதீங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு சொன்னார்.

"தொட்டியக் கழுவ ஒருத்தர் உள்ள போனா, வெளிய ஒருத்தர் நிக்கணும் சார். பீர் புளிக்கிறப்ப வர்ற வாயு அடியில தங்கிடும். மெழுகுவத்திய அணைச்சிடும், ஆளையும் அணைச்சிடும். அதனால வெளிய இருக்கறவர் தட்டணும், உள்ள இருக்கறவர் பதிலுக்குத் தட்டணும். பதில் வரலேன்னா உடனே இழுத்து வெளிய போடணும். ஏழாம் தொட்டியில எங்ககிட்ட வேலை பார்த்த பையன் ஒருத்தன் இறங்கினான். வெளிய நின்னவருக்கு ஃபோன் வந்துச்சு. போனார்."

"அப்புறம்?"

"அவன் தட்டிக்கிட்டே இருந்திருக்கான். கேட்க ஆள் இல்ல. வெளிய எடுத்தப்ப உயிர் இல்ல. அதுக்கப்புறம் அந்தத் தொட்டிய நாங்க தொடறதே இல்ல. ஆனா விருந்து அன்னிக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டா ஆரம்பிச்சிடுவான். பக்கத்துல யாராவது உட்கார்ந்திருந்தா சாந்தமா இருப்பான். அதான் தனியா வர்றவங்களாப் பார்த்து அங்க உட்கார வைப்போம்."

"நான் பீரைக் கொட்டினதால இல்லையா?"

"கொட்டலேன்னாலும் அந்த நாற்காலி உங்களுக்குத்தான் சார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக யாரோ எனக்காக இடம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"ஒண்ணு கேக்கணும்னுதான் கூப்பிட்டேன்" என்றார். "நேத்து கிளம்பறப்ப அவன்கிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

சொன்னேன், சொன்னதை.

 அவருக்குப் பின்னால், தூரத்தில், என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் ஃபோன் கோளாறு என்று நினைத்தேன்.

டங்... டங்... டங்...

"வெளிய நின்னவரும் அதையேதான் சொல்லிட்டுப் போனார் சார். நேத்து நீங்க போன கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சது. இன்னும் நிக்கல" என்றார். பிறகு, இந்த ஊரில் இதுவரை யாருமே என்னிடம் கேட்காததைக் கேட்டார்.

"எப்ப சார் வரீங்க?"