கை எட்டாத போல்ட்டு

இலங்கையில் யுத்தம் முடிவதற்கு முந்தைய வருடம். தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை ஃபெக்டரி மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. என்னைவிட நாலே வயது இளைய ஒரு கார் வைத்திருந்தேன். அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில் ரப்பர் புஷ் கிழிந்துவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே புதிது மாற்றினேன்.

அந்தக் கையைப் பிடிப்பவை இரண்டு போல்ட்டுகள். முன்னால் இருப்பது சுலபம். பின்னதன் நட்டோ கியர்பொக்ஸுக்குப் பக்கத்தில், மணிக்கட்டு மட்டும் நுழையும் இடுக்கில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்துப் பக்கம் ஒருவர் போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொண்டால்தான் நட்டு இறுகும். இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றும். ஆளைக் கூப்பிடச் சோம்பல்பட்டு, தனியாக முடிந்தவரை முறுக்கிவிட்டு எழுந்துவிட்டேன். அது போதாது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வியாழக்கிழமை மனைவியைக் கேகாலைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அவளுக்கு ஏழாம் மாதம். இறக்கத்தில் இரண்டாவது வளைவிலேயே 'கடக்' என்று ஒரு சத்தம். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் கார் இடப்பக்கம் இழுத்தது. இடப்பக்கம் பள்ளம், அடியில் ஆறு.

"என்னங்க அது?"

"ரோட்டுல கல்லு."

பாலத்தை நெருங்கும்போது ஸ்டியரிங் என் கைக்கு அடங்கவில்லை. முன்சக்கரத்தை ரோட்டோரத் திட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு, ஸ்பேனரோடு அடியில் ஊர்ந்தேன். இடுக்கில் கையை விட்டுத் தடவினேன். நட்டு கடைசிப் புரியில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வளைவு போயிருந்தால் கழன்றிருக்கும்.

அப்போதுதான் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பாலத்தில் ராணுவக் காவல் இருந்ததை நான் யோசிக்கவே இல்லை.

"எளியட்ட எனவா! அத் தெக்கம பென்னபங்!"

வெளியே வா, இரண்டு கையையும் காட்டு என்கிறான் ஒரு சிப்பாய், சிங்களத்தில். இடக்கையைக் காட்டினேன். வலக்கை இடுக்கில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க மணிக்கட்டு இறுகியது. அவன் மறுபடி கத்தினான். பாலத்துக்குப் பக்கத்தில், காருக்கு அடியில், ஒரு கையை மறைத்துக்கொண்டு கிடக்கிற தமிழன். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் அந்த நிமிடம் எங்கோ போய்விட்டது. துப்பாக்கியின் வாய் என் கால்களுக்கு நேரே இறங்கியது.

கார்க் கதவு திறந்தது. "எயாகே அத்த ஹிரவெலா, மஹத்தயா," என்றாள் என் மனைவி. அவர் கை சிக்கிக்கொண்டது என்று. ஓப்பநாயக்கவில் சிங்களப் பிள்ளைகளோடு வளர்ந்தவள். குரலில் பிசிறே இல்லை. தொடர்ந்து எதெதோ சொன்னாள். என் காதில் 'கிளினிக்' மட்டும் விழுந்தது.

அவன் குனிந்து பார்த்தான். சின்ன வயது. அவன் மேலுதடு வியர்த்திருந்தது. அவனும் பயந்திருக்கிறான் என்று தெரிந்ததும் எனக்குப் பயம் கூடியது. விரலை மடக்கி, தோல் உரிய உரிய கையை உருவினேன். ரத்தத்தைப் பார்த்தபிறகுதான் துப்பாக்கி சற்று விலகியது.

அடையாள அட்டையைப் பார்த்தான். டிக்கியைக் கொட்டிப் பார்த்தான். இங்கே நிற்கக் கூடாது, உடனே எடு என்றான். இப்படியே எடுத்தால் சக்கரம் கழன்றுவிடும் என்று நான் சொல்ல, அவள் அதைச் சிங்களத்தில் சொன்னாள். அப்படியானால் சீக்கிரம் செய் என்று நாலடி தள்ளி நின்றான். துப்பாக்கியைத் தோளில் மாட்டவில்லை.

"போல்ட்டுத் தலைய யாராவது புடிக்கணும்," என்றேன் அவளிடம் மெதுவாக.

அவள் வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மண்டியிட்டாள். நான் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியதும் சக்கரத்துக்குப் பின்னால் இடம் விட்டது. அந்த வழியாக ரிங் ஸ்பேனரை நீட்டித் தலையைப் பிடித்தாள். நான் மறுபடி அடியில் போய், அதே இடுக்கில் அதே கையை விட்டேன். விட மனம் வரவில்லை, விட்டேன். ஒரு தடவைக்குக் கால் சுற்றுத்தான் திரும்பும். எத்தனை கால் சுற்று என்று தெரியாது. கடைசியில் ஸ்பேனர் அசைய மறுத்தது.

பாலத்தைத் தாண்டியதும் காரை ஓரங்கட்டினேன்.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா என்னைய ஏத்துனீங்க?"

கேகாலை பஸ் வந்தது. இறங்கிக் கைகாட்டி ஏறிவிட்டாள். பஸ்ஸுக்குப் பின்னாலேயே, அதன் புகையைக் குடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். ஒரு சத்தமும் வரவில்லை.

கிளினிக்கில் பிள்ளை நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். வாசலில் என் கையைப் பிடித்துப் பார்த்து, "மருந்து போட்டுக்கங்க," என்றாள். வீடு திரும்பும்போதும் பஸ்ஸில்தான் வந்தாள்.